நம் தலையெழுத்தை எழுதும் சட்டம் நமக்குத் தெரிய வேண்டாமா?

"சர்வதேசச் சட்டமாம்! கூலிக்காரன் பிள்ளைக்கு அது எதற்கு?" என்று ஒரு குரல் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. வெல்டிங் கற்றுக் கொடுங்கள், கம்ப்யூட்டர் கற்றுக் கொடுங்கள், நாடுகளுக்கு இடையே உள்ள சட்டத்தைப் பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்துக்கொள்ளட்டும் என்பது இந்தக் குரலின் சாரம். இதற்கு நேர் எதிரிடையாக இன்னொரு குரலும் உண்டு. "அது சட்டமே அல்ல. வல்லரசுக்கு வேண்டுமென்றால் மதிக்கும், வேண்டாமென்றால் மிதிக்கும். அதைப் படிப்பது வீண் வேலை" என்கிறது அது.

தோழர்களே! இரண்டு குரலும் நம் நன்மையை விரும்புகிறவர்களின் குரல்தான். ஒன்று அடக்கத்தால் பேசுகிறது, மற்றது ஆத்திரத்தால் பேசுகிறது. ஆனால் இரண்டும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ஒன்றே. நம்மைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் அறையின் கதவுக்கு வெளியே! அந்த இடத்தில் நம் பாட்டன்மார் நின்றார்கள், நம் பெற்றோர் நின்றார்கள். நம் பிள்ளைகளும் அங்கேயே நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நாம் வாழும் நகரமே ஒரு பாடப் புத்தகம்

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி உழைக்கும் நாம், சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைகளைப் படிக்க ஹேக் நகரம் போக வேண்டியதில்லை. இந்த மண்ணே ஒரு பாடம்.

1947இல் வெள்ளையன் வெளியேறியபோது, சமஸ்தானங்கள் மேல் அவனுக்கு இருந்த மேலாதிக்கமும் முடிவுக்கு வந்தது. "அப்படியானால் நான் சுதந்திர நாடு" என்றார் ஏழாம் நிஜாம். 1947 நவம்பர் 29இல் இந்தியாவுடன் ஓராண்டுக்கு 'நிலை நிறுத்த ஒப்பந்தம்' ஒன்று செய்துகொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் உறவு முறிந்தது. 1948 ஆகஸ்ட் 21இல் ஐதராபாத் ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பு சபையிடம் முறையிட்டது. சபையில் உறுப்பினர் அல்லாத நாடும் தகராறைக் கொண்டுவரலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 35ஆம் ஷரத்து சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே முறையீடு போயிற்று.

அங்கே எழுந்த முதல் கேள்வி என்ன? ஐதராபாத் ஒரு 'நாடு'தானா? நிலம் இருந்தது, மக்கள் இருந்தார்கள், அரசாங்கம் இருந்தது. சொந்த நாணயம், சொந்தப் படை, சொந்த ரயில் எல்லாம் இருந்தன. ஆனால் பிற நாடுகளோடு தன்னிச்சையாக உறவு கொள்ளும் தகுதி இருந்ததா? பாரிஸில் கூடிய பாதுகாப்பு சபையில் இந்தியாவின் சார்பில் எழுந்து, "இல்லை, இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்று வாதாடியவர் யார் தெரியுமா? நம் ஆற்காடு ராமசாமி முதலியார்! நீதிக்கட்சிக்காரர், 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் பெயரால் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டவர், பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். தமிழனுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. 16ஆம் தேதி பாதுகாப்பு சபை எட்டு வாக்குகளால் விஷயத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். 22ஆம் தேதி, முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி கொடுத்தார். ஐதராபாத் ஒரு நாடா இல்லையா என்ற கேள்விக்குச் சபை தீர்ப்புச் சொல்லவே இல்லை. விவகாரம் பல ஆண்டுகள் அதன் நிலுவைப் பட்டியலில் கிடந்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் வேறு. அந்த மண்டபத்தில் நிஜாமின் வக்கீல்கள் பேசினார்கள், இந்தியாவின் வக்கீல்கள் பேசினார்கள். வெட்டி வேலையை எதிர்த்து நின்ற தெலங்கானாக் குடியானவனுக்காகப் பேசியவர் யார்? ரஜாக்கர்களிடம் சிக்கிச் சீரழிந்த கிராமத்துக்காகப் பேசியவர் யார்? படை நடவடிக்கையின்போதும் அதன் பின்னும் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் மாண்டார்கள் என்று அரசு அனுப்பிய சுந்தர்லால் குழுவே கணக்கிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் மக்கள் கண்ணில் படாமல் வைக்கப்பட்டது. அவர்களுக்காகப் பேசியவர் யார்? "நாடு எது?" என்று கேட்டார்கள். "மக்கள் யார்?" என்று கேட்கவில்லை. சர்வதேசச் சட்டத்தின் பழைய அஸ்திவாரமே அதுதான். அது நாடுகளின் சட்டம், மக்கள் அதில் வெறும் எண்ணிக்கை. இந்த அஸ்திவாரம் எங்கே பலமாக இருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை எப்படி மாற்றுவீர்கள்?

நிஜாமின் பணமும் நம் கூலியும்

1948 செப்டம்பர் 20ஆம் தேதி, ஐதராபாத் வீழ்ந்து மூன்று நாட்களுக்குள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் நிஜாம் அரசின் கணக்கில் இருந்த 10,07,940 பவுனும் 9 ஷில்லிங்கும் பாகிஸ்தான் ஹைகமிஷனர் ரஹிம்தூலா பெயருக்கு மாற்றப்பட்டன. சில நாட்களில் "பணத்தைத் திருப்பு" என்று நிஜாம் கேட்டார். பாகிஸ்தான் சம்மதிக்காமல் முடியாது என்றது வங்கி. வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1957இல் தீர்ப்பு வந்தது. பாகிஸ்தான் இறையாண்மை உள்ள நாடு, அதன் சம்மதமின்றி அதைப் பிரிட்டிஷ் கோர்ட்டில் நிறுத்த முடியாது என்றார்கள். இதற்குத்தான் 'இறையாண்மை விலக்குரிமை' என்று பெயர். பணம் அப்படியே உறைந்தது.

பிறகு என்ன நடந்தது? 2013இல் பாகிஸ்தானே அந்தப் பணத்துக்காக வழக்குப் போட்டது. வழக்குப் போட்டதும் விலக்குரிமை என்ற கவசம் கழன்றது. 2019 அக்டோபர் 2இல் லண்டன் உயர்நீதிமன்றம், பணம் ஏழாம் நிஜாமுக்கு உரியது, அவர் வழியாக உரிமை கோரும் இந்தியாவுக்கும் அவர் பேரன்மாருக்கும் சேர வேண்டியது என்று தீர்ப்பளித்தது. பத்து லட்சம் பவுன் வட்டியோடு வளர்ந்து சுமார் மூன்றரைக் கோடி பவுனாகி இருந்தது. 71 ஆண்டுகள்!

ஒரு நிஜாமின் பணத்துக்காக 71 ஆண்டுகள் வாதாட ஆட்கள் இருந்தார்கள். வளைகுடாவில் ஆறு மாதக் கூலி பாக்கியோடு வெறுங்கையாய்த் திரும்பும் நம் பையனுக்காக ஆறு நாள் வாதாட யார் இருக்கிறார்கள்?

"அதுதான் சொன்னோமே, அது பணக்காரன் சட்டம்" என்று அவசரப்படாதீர்கள். விலக்குரிமை என்ற அந்தக் கோட்டைச் சுவரை 2022இல் இடித்தவர் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்! லண்டனில் ஒரு சவூதித் தூதரின் வீட்டில் அடிமைபோல் வேலை வாங்கப்பட்டதாகப் புகார் சொன்ன பிலிப்பைன்ஸ் தொழிலாளி அவர். தூதருக்கு விலக்குரிமை உண்டு, வழக்கே கூடாது என்று எதிர்த்தரப்பு சொன்னது. புகாரில் கண்டது உண்மையானால், ஒரு மனிதரை அடிமையாக வைத்து உழைப்பைச் சுரண்டுவது லாபம் தேடும் செயல், அதற்கு விலக்குரிமை கிடையாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சொன்னது. நிஜாமால் உடைக்க முடியாத வகைச் சுவரில் வேலைக்காரி ஒரு வாசல் வெட்டினார். எப்படி? சுவர் எதனால் கட்டப்பட்டது என்று படித்தவர்கள் அவர் பக்கம் நின்றதனால்!

நம்மைக் கேட்காமல் எழுதிய ஒப்பந்தங்கள்

தமிழ்த் தொழிலாளி இந்தச் சட்டத்தைப் படிக்காமல் போனதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. இலங்கைத் தோட்டங்களில் தேயிலை வளர்த்த நம் மக்களின் கதி என்ன? 1948 நவம்பர் 15இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்து அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 10இல் ஐ.நா. பொதுச் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் 15ஆம் ஷரத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவ உரிமை, அதாவது ஒரு நாட்டின் குடிமகனாய் இருக்கும் உரிமை உண்டு, அதை எவரிடமிருந்தும் மனம்போனபடி பறிக்கக் கூடாது என்கிறது. ஒரே பருவத்தில் ஒரு கை பறித்தது, மறு கை அப்படிப் பறிப்பது தவறு என்று எழுதியது!

வழக்குப் போடாமலும் இல்லை. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார்கள், தோற்றார்கள். பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாக்கினார்கள். ஆட்டு மந்தையைப் பாகம் பிரிப்பதுபோல! அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களின் தலைவர் தொண்டமானே தம்மைக் கலக்காமல் செய்த ஒப்பந்தம் என்று கண்டித்தார். அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நாடற்றவர் நிலை பற்றி 1954இலும், நாடற்ற நிலையைக் குறைப்பது பற்றி 1961இலும் இரண்டு சர்வதேச உடன்படிக்கைகள் உண்டு. இந்தியாவும் சரி, இலங்கையும் சரி, இரண்டிலும் சேரவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் இரு நாடுகளும் இல்லை. நம் தலைவர்கள் மேடைகளில் கண்ணீர் விட்டார்கள். ஆனால் "இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடு" என்று பெயர் சொல்லி, ஆண்டு சொல்லிக் கேட்ட தீர்மானங்கள் எத்தனை? படித்திருந்தால்தானே கேட்க முடியும்!

நான்கு ஊற்றுகள்

இந்தச் சட்டம் எங்கிருந்து வருகிறது? சர்வதேச நீதிமன்றத்தின் அமைப்பு விதிகளில் 38ஆம் ஷரத்து பதில் சொல்கிறது. முதலாவது, நாடுகள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள். இரண்டாவது, கட்டாயம் என்று கருதி நாடுகள் நெடுங்காலம் கடைப்பிடித்து வரும் வழக்கம். மூன்றாவது, எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் பொதுவான நெறிகள். துணைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் நூல்களும். இவ்வளவுதான் அடிப்படை. ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். எழுதிக் கொடுத்த பத்திரம், ஊர் வழக்கம், பொது நியாயம், முந்தைய தீர்ப்பு என்று நாமும் இந்த வரிசையில்தானே பேசுகிறோம்!

இவை எங்கோ ஆகாயத்தில் இருப்பவை என்று எண்ண வேண்டாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது, வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் சென்றது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற நெறிகள் உலக வழக்கமாகி நம் நாட்டுச் சட்டத்திலும் சேர்ந்துவிட்டன என்று 1996இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு விசாகா வழக்கு. வேலையிடத்தில் பெண்ணுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க நாட்டில் தனிச் சட்டம் இல்லாத அந்த நாளில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, உச்ச நீதிமன்றமே விதிகள் வகுத்தது. ஆலைக்கும் ஆபீசுக்கும் போகும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கோ எழுதிய ஒப்பந்தம் உங்கள் வேலைமேசை வரை வந்து காவல் நிற்கிறது!

"வல்லவன் வகுத்ததுதானே?"

ஆமாம். வல்லவன் வகுத்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை. 'சர்வதேசச் சட்டத்தின் தந்தை' என்று ஐரோப்பியர் கொண்டாடும் குரோஷியஸ், கடல் எல்லாருக்கும் பொது என்று 1609இல் எழுதினாரே, எதற்காக எழுதினார்? சிங்கப்பூர் அருகே போர்த்துகீசியக் கப்பல் ஒன்றைப் பிடித்துக்கொண்ட டச்சுக் கம்பெனிக்கு வக்கீலாக நின்ற வாதத்தில் பிறந்த நூல் அது. ஐந்து வல்லரசுகளின் கையில் இன்றும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது. 2003இல் ஈராக்கின் மேல் படையெடுத்தவர்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆனால் இதிலிருந்து "ஆகவே படிக்காதே" என்ற முடிவு எப்படி வரும்? தொழிற்சாலைச் சட்டமும் முதலாளிகள் நிரம்பிய சபையில்தான் எழுதப்பட்டது. அதனால் எட்டு மணி நேர வேலையை வேண்டாம் என்றோமா? காலனி நாடுகள் விடுதலை பெற்றதும் இந்தச் சட்டத்தை விட்டு ஓடவில்லை. உள்ளே புகுந்து, காலனி ஆதிக்கமே சட்ட விரோதம் என்று 1960இல் பொதுச் சபையில் பிரகடனம் செய்ய வைத்தன. கீழை நாடுகளும் பண்டைக் காலத்திலிருந்தே தங்களுக்குள் ஒப்பந்தச் சட்டம் பேணியவை என்று சான்றுகளோடு எழுதிய அலெக்சாண்ட்ரோவிச் என்ற அறிஞர், 1950களில் பாடம் நடத்தியது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான்.

தொழிலாளியின் கைக்கு எட்டும் கதவும் உண்டு. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். ஆனால் 1919இல் பிறந்த சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு பிரதிநிதிகள்: அரசுக்கு இருவர், முதலாளிக்கு ஒருவர், தொழிலாளிக்கு ஒருவர். தொழிலாளர் பிரதிநிதிக்குத் தனி ஓட்டு, புகார் செய்யத் தனி உரிமை. 2014இல் தொழிலாளர் பிரதிநிதிகள் அந்த உரிமையைக் கையில் எடுத்து, கட்டாய உழைப்பு நடக்கிறது என்று கத்தார் நாட்டின் மேல் புகார் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு நெருக்கடிக்குப் பின், சீர்திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டது கத்தார். 2017இல் புகார் முடித்துக்கொள்ளப்பட்டது. பழைய முதலாளியின் சம்மதச் சீட்டு இல்லாமல் வேலை மாறும் உரிமையும், எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலியும் 2020இல் சட்டமாயின. கொடுமை முழுவதும் ஒழிந்ததா? இல்லை. ஆனால் எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் ஓர் அரசை அசைத்தது ஒரு ஷரத்து. அதைப் படித்த தொழிலாளர் அதைப் பயன்படுத்தினார்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய 36ஆம் ஷரத்து

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றை மட்டுமாவது மனப்பாடம் செய்ய வேண்டும். 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் ஷரத்து! அயல்நாட்டில் நம்மவர் கைதானால், அவர் கேட்டுக்கொண்டதும் தாமதமின்றி நம் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவருக்கே போலீஸ் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சிறையில் சென்று பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

இது நாட்டுக்கு மட்டும் உள்ள உரிமையா? இல்லை, கைதான தனிமனிதனுக்கும் உரிமை தருகிறது என்று 2001இல் ஜெர்மனி தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகச் சொன்னது. இதே ஷரத்தைக் கொண்டுதான் குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா ஹேக் நகரில் பாகிஸ்தான் மேல் வழக்காடியது. 2019 ஜூலை 17இல் 15 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று பாகிஸ்தான் அந்த ஷரத்தை மீறியது எனத் தீர்ப்பு வந்தது.

கவனியுங்கள்! முன்னாள் கடற்படை அதிகாரிக்கு உள்ள அதே உரிமை, ரியாத்தில் ஸ்பான்சரிடமிருந்து ஓடிவந்து பிடிபட்ட கட்டடத் தொழிலாளிக்கும் உண்டு. வளைகுடா நாடுகள் ஆறும் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தவை. "ஐயா, எங்கள் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்" என்று மனு எழுதி, மந்திரி வீட்டு வாசலில் காத்துக்கிடக்கிறோம். "36ஆம் ஷரத்துப்படி எங்கள் பிள்ளையைத் தூதரகம் எந்தத் தேதியில் பார்த்தது? வக்கீல் யார்?" என்று கேட்டு எழுதுங்கள். முதல் மனு கருணை கேட்கிறது, இரண்டாவது மனு கணக்குக் கேட்கிறது. கருணைக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எந்த அதிகாரிக்கும் இல்லை. கணக்குக்கு உண்டு.

தில்லியிடம் ஒரு கேள்வி

ஹேக் நகரில் உரிமை பேசிய இந்திய அரசு, தன் தொழிலாளிக்காக என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது? குடிபெயர்ந்த தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் பெற வேண்டிய உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஐ.நா. 1990 டிசம்பர் 18இல் ஏற்றது. 2003 ஜூலையில் அமலுக்கு வந்தது. இலங்கை 1996இலேயே சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. வளைகுடா நாடுகளும் சேரவில்லை. சங்கம் வைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பேசும் உரிமை பற்றிய 87, 98 எண்ணுள்ள தொழிலாளர் உடன்படிக்கைகளையும் இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. சர்வதேச ஒப்பந்தக் கடமைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்தே போடாதவனுக்கு மதிக்க வேண்டிய கடமை எங்கிருந்து வரும்? மேடையில் 'புலம்பெயர்ந்தோர் தேசத்தின் தூதர்கள்' என்று புகழ்வதும், காகிதத்தில் ஒன்றும் எழுதிக் கொடுக்காததும் பழைய தந்திரம்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் ஒரு படிப்பு வட்டம். ஐ.நா. சாசனம், மனித உரிமைப் பிரகடனம், 36ஆம் ஷரத்து, 1990ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிலாளர் ஸ்தாபன விதிகள் என்ற வரிசையில் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். பிரகடனத்துக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே உண்டு. மற்றவற்றில் நமக்கு வேண்டிய பகுதிகளைக் கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகள் மொழிபெயர்க்கட்டும்.

இரண்டு: சங்கத்திலிருந்து போகும் எந்த மனுவும் ஷரத்து எண் இல்லாமல் போகக் கூடாது.

மூன்று: 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் நாடற்றோர், அகதிகள் உடன்படிக்கைகளிலும் இந்தியா சேர வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 18ஆம் தேதி தீர்மானம் போட்டு, தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுத்து, அவர் அதை நாடாளுமன்றத்தில் கேட்டாரா என்று இந்த ஏட்டில் அச்சிட வேண்டும்.

நான்கு: நம் குடும்பத்துப் பெண்ணோ பையனோ சட்டம் படிக்க விரும்பினால் "நமக்கெதற்கு" என்று தடுக்காதீர்கள். ஐதராபாத்தில் சட்டக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பஸ் ஏறிப் போகும் தூரம்தான்!

சட்டம் படித்தவுடன் நியாயம் வந்து வாசலில் நிற்கும் என்று நாம் சொல்லவில்லை. ஒற்றுமை இல்லாத சட்ட அறிவு வெறும் காகிதம். ஆனால் சட்ட அறிவு இல்லாத ஒற்றுமை, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தெருவில் நிற்கும் கூட்டம். பாரிஸ் மண்டபத்தில் நிஜாம் பெயர் கேட்டது, தெலங்கானாக் குடியானவன் பெயர் கேட்கவில்லை. 1964இல் தில்லியில் பிரதமர்கள் பெயர் கேட்டது, தோட்டத் தொழிலாளியின் பெயர் கேட்கவில்லை. அடுத்த ஒப்பந்தம் எங்கோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதிலும் நாம் எண்ணிக்கைதானா? படியுங்கள், கூடுங்கள், எண் சொல்லிக் கேளுங்கள்!